அத்தையின் முந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள்

பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது நீலகிரியில் யாராவது சந்தோஷப்பட்டிருந்தால் அது நானாகத்தான் இருப்பேன். எனக்கு அப்போது பத்து வயது. இத்தலாரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சுற்று வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை அது. அப்பா அதன் ஆபீஸில் கிளார்க். விலை இறங்கி இறங்கி, பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாது என்று ஊர்க்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். வருகிற கொஞ்ச இலைக்கு வாரத்தில் மூன்று நாள் மெஷின் ஓடினால் போதும் என்றாகிவிட்டது. மீதி நாலு நாளும் அப்பா வீட்டில் இருந்தார். பெரியவர்கள் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

நான் ஒரே பெண். அப்பாவை என் சொத்து என்றே நினைத்திருந்தேன். அப்பாவும் நானும் மட்டும் சேர்ந்து செய்கிற வேலை ஒன்றுகூட வீட்டில் இருந்தது. எங்கள் பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவியில் படம் திடீரென்று மேல்நோக்கி ஓட ஆரம்பிக்கும். செய்தி வாசிக்கிறவரின் தலை கீழேயிருந்து முளைத்து, மேலே போய் மறைந்து, மறுபடியும் கீழேயிருந்து முளைக்கும். டிவியின் முதுகில் இதற்கென்றே ஒரு சின்னத் திருகு உண்டு. வி-ஹோல்ட் என்று பெயர். சுவருக்கும் டிவிக்கும் நடுவே அப்பாவின் கை நுழையாது. நான் கையை விட்டுத் திருப்புவேன். அப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டு, “இன்னுங் கொஞ்சம் அம்மிணி… இன்னுங் கொஞ்சம்… அட, தாண்டிப் போச்சு பாரு” என்பார். படம் நின்றதும் இருவரும் ஏதோ மலையைத் தள்ளி வைத்தவர்கள் மாதிரி பெருமூச்சு விடுவோம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அத்தை வந்து சேர்ந்தாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் கோயமுத்தூரில் மோட்டாருக்கு போர்டு செய்கிற ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். அந்தப் பட்டறையில் ஆளைக் குறைத்தார்கள். ஊரில் இருந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள், ரெண்டு மாசம் இங்கே இருந்து என் படிப்புக்கேற்ற வேலை தேடுகிறேன் என்று ஒரு பெட்டியோடும் ஒரு சால்டரிங் அயனோடும் மலையேறி வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பா, வாசலில் நின்று, “பாத்து வா அம்மிணி, படி வழுக்கும்” என்றார். நான் படியில்தான் நின்றிருந்தேன். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நகர்ந்தேன். அவர் அத்தையைச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்கே அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே அவள் அப்பாவுக்கு அம்மிணி என்றும், என்னைத்தான் பிற்பாடு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார் என்றும் அம்மா விளக்கினாள். ஆறுதலுக்குச் சொன்னாளாம். எனக்கு அது இன்னும் எரிந்தது.

அத்தையிடம் பதினெட்டுக் கால் வைத்த ஒரு கறுப்புப் பூச்சி இருந்தது. மைக்ரோகன்ட்ரோலர் என்று அவள் சொன்னாள். அப்பா ஒரே நாளில் அந்தப் பெயரைச் சுருக்கிச் சிப் ஆக்கிவிட்டார். பக்கத்து ஊரில் கேபிள் டிவி நடத்தியவரின் மச்சான் ஒருவர் கேபிள்காரர்களுக்கு வேண்டிய கருவிகள் செய்து விற்றார். டிவி திரையில் எழுத்துக் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி வேண்டும், கம்ப்யூட்டர் வைத்தால் கட்டுப்படியாகாது, மலிவாக யாராவது செய்து காட்டினால் அவரையே வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அத்தை செய்கிறேன் என்றாள். அன்றன்றைக்குப் பச்சை இலைக்கு என்ன விலை என்று கேபிளில் காட்டுகிற பெட்டி. அந்த ஒற்றைச் சிப்பையும் இரண்டே இரண்டு ரெசிஸ்டரையும் வைத்துக்கொண்டு டிவியில் படம் வரவழைப்பேன் என்றாள்.

எங்கள் டிவியில் ஆன்டெனா துவாரம் ஒன்றுதான் இருந்தது. அதன் வழியாகப் படத்தை உள்ளே விட வேறொரு சின்னத் தகரப் பெட்டி தேவைப்பட்டது. அது என் வீடியோ கேமுக்குள் இருந்தது. வீடியோ கேம் கெட்டுப்போய் ஒரு வருஷமாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது வாஸ்தவம்தான். ஆனாலும் அது என் வீடியோ கேம். “குடுத்துரு சாமி, அத்தைக்கு வேணுமாம்” என்றார் அப்பா. கொடுத்தேன். அத்தை அதன் வயிற்றைத் திறந்து, தகரப் பெட்டியை மட்டும் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை என்னிடமே திருப்பித் தந்தாள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மா எதிர்பார்த்தாள்.

அதற்குப் பிறகு என் நாலு நாளும் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு மூடுபனியில் மேடேறி வந்தால், அண்ணனும் தங்கையும் மேசையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருப்பார்கள். டிவி படத்தைக் கோடு கோடாக வரைகிறது. ஒரு படத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கோடு, ஒரு விநாடிக்கு ஐம்பது படம். ஒரு கோட்டுக்கு அறுபத்துநாலு மைக்ரோவிநாடி. அத்தையின் சிப் ஒரு கட்டளையை முடிக்கச் சரியாக ஒரு மைக்ரோவிநாடி எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஒவ்வொரு கோட்டுக்கும் அறுபத்துநாலு கட்டளை எழுத வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கோடு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், யாரும் எனக்குச் சொல்லவில்லை, பொறாமையில் ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்டேன்.

கட்டளைகளைச் சிப்புக்குள் ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும். அதற்கு ஊட்டிக்குப் போக வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு ஊட்டிப் பயணம். அதனால் போவதற்கு முன்பே காகிதத்தில் எண்ணிச் சரிபார்த்துவிட வேண்டும். இதற்கென்றே பிறந்தவர் மாதிரி அப்பா அதில் இறங்கிவிட்டார். வருஷக் கணக்கில் இலை எடைச் சீட்டுகளைக் கூட்டிச் சரிபார்த்த மனிதர். சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் ஒரு டிக் போட்டு, “அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு… ஏம்மிணி, இங்க ஒன்னு கொறையுதே” என்பார். அத்தை அங்கே ‘சும்மா இரு’ என்ற கட்டளையை ஒன்று சேர்ப்பாள். எதுவும் செய்யாமல் ஒரு மைக்ரோவிநாடியைக் கழிப்பதுதான் அதன் வேலை.

“சும்மா இருக்கறதுக்குக்கூட கட்டளையா?” என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

“அது இல்லாட்டி படமே நிக்காதுங்ணா.”

“அப்ப நானுங்கூட ஏதோ படத்தைத்தான் நிறுத்தி வெச்சிருக்கறேன்னு சொல்லு” என்று அப்பா சிரித்தார். அத்தையும் சிரித்தாள். விலை விழுந்ததிலிருந்து அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்துக்கு அம்மா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். “ஏனுங்க, மண்ணெண்ணெய் தீந்து போச்சுங்க” என்று ஏதாவது சொல்வாள். அப்பா தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் காட்டுவார், எண்ணிக்கை தவறிவிடுமாம். அம்மா உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள். என் பக்கத்து ஆள் என்று ஒருத்தி இருக்கிறாளே என்று அவளிடம் போய் அத்தையைப் பற்றிக் கோள் சொன்னால், “பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது” என்று என்னைத்தான் அதட்டுவாள். அதனால் அந்த வீட்டில் எனக்கு யாருமே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது ஊட்டிப் பயணத்துக்குப் பிறகு படம் வந்தது. திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் செங்கல் செங்கலாக வெள்ளைக் கட்டங்களில் ‘இலை’ என்று இரண்டே எழுத்து, பக்கத்தில் ஒரு எண். அசையாமல் நின்றது. பெட்டியில் இருந்த பொத்தானை அமுக்கினால் எண் ஏறியது, இன்னொன்றை அமுக்கினால் இறங்கியது. அப்பா அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார். மேல் வீட்டுப் படகர் தாத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏத்துற பொத்தானை மட்டும் வெச்சுக்க அம்மா, எறக்குறதைக் கழட்டிடு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அத்தையின் தலையில் கை வைத்து, “எங்க ஊட்லயே அறிவு இவளுக்குத்தான்” என்றார். எங்கள் வீட்டில் நானும் இருந்தேன். மூன்றாவது ராங்க் வாங்கியிருந்தேன்.

கேபிள்காரரின் மச்சான் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிடித்துவிட்டால் அத்தைக்கு வேலை. அத்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. வேலை கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அத்தை எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பெட்டி செய்வாள். அப்பா ஆயுள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து டிக் போடுவார். எங்கள் டிவியில் இனி ‘இலை’ மட்டும்தான் ஓடும். வேலை எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை. அப்பாவும் அத்தையும் தங்களுக்குள் பேசிக்கொண்டதோடு சரி, அம்மாவிடமோ என்னிடமோ எதையும் விவரமாகச் சொன்னதில்லை.

ஞாயிறு காலையில் அப்பா குளிக்கப் போயிருந்தார். அத்தை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தாள், திரையில் ‘இலை’ ஒளிர்ந்துகொண்டிருந்தது. டிவிக்குப் பின்னால் கையை விட்டேன். திருகு என் விரலுக்குப் பழக்கமானது. ஒரு அரிசி அளவுக்குத்தான் திருப்பியிருப்பேன். படம் ஓடவில்லை. லேசாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் திருப்பலாம் என்று நினைத்தபோது பாத்ரூம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பயத்தில் கையை எடுத்துவிட்டேன். பொறாமைப்படத் தெரிந்த அளவுக்கு எனக்குக் கெடுதல் செய்யத் தெரியவில்லை என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வந்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். எனக்கு ஒரு வர்க்கிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, “போடுங்க அம்மிணி, பாக்கலாம்” என்றார். அத்தை சுவிட்சைப் போட்டாள்.

‘இலை’ மேல்நோக்கி ஓடியது. நிற்காமல், அவசரமாக, ஒன்றன் பின் ஒன்றாக இலையும் எண்ணும் முளைத்து முளைத்து மேலே போய் மறைந்தன. அத்தை பெட்டியை அணைத்துப் போட்டாள். ஓடியது. ஒயரை அழுத்தினாள். ஓடியது. வந்தவர் எழுந்து வந்து ஆன்டெனாவை மாட்டி தூர்தர்ஷன் வைத்துப் பார்த்தார். அதில் ஒருவர் வயலும் தொழுவமும் பற்றிப் பேசிக்கொண்டு ஆணி அடித்த மாதிரி நின்றார். “டிவி நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க எண்ணிக்கையிலதான் எங்கயோ ஒதைக்குது” என்றார் அவர். செவ்வாய்க்கிழமை வரை ஊட்டியில் இருப்பதாகவும், சரி செய்து எடுத்துவந்தால் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அத்தையின் காதுமடல் சிவந்துகிடந்தது. நான் தின்றுகொண்டிருந்த வர்க்கி வாயிலேயே நின்றுவிட்டது. நான் திருப்பியது தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று முழுவதும் அப்பாவும் அத்தையும் முதலிலிருந்து எண்ணினார்கள். எல்லாக் கோட்டிலும் அறுபத்துநாலு வந்தது. தப்பே இல்லாத காகிதத்தில் தப்பைத் தேடுகிறவர்களைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அப்பா என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம். அத்தை கடைசியில் கோடுகளின் எண்ணிக்கையில் கை வைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து கொஞ்சம் குறைத்துப் பார்க்கிறேன் என்று திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனாள். சாயங்காலம் வந்து சிப்பை மாட்டினாள். படம் நின்றது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நின்னுருச்சு பாரு அம்மிணி!” என்று கத்தினார். எனக்கும் உள்ளுக்குள் நிம்மதியாகிவிட்டது. என் பாவம் கழிந்துவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஊட்டிக்குப் போனார்கள். மூன்று மணிக்கே திரும்பி வந்தார்கள். அந்த ஆள் தங்கியிருந்த இடத்தில் கலர் டிவி. அதில் திருகுவதற்கு எதுவுமே கிடையாது. அத்தையின் படம் அதில் ஒரு கணம்கூட நிற்கவில்லையாம்.

அப்பா செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். “கெடச்சிருந்தா அடுத்த வாரமே கோயமுத்தூருக்குப் போயிருப்பா. லேடீஸ் ஹாஸ்டல்லகூட சொல்லி வெச்சிருந்தேன்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயமுத்தூரா? வேலை கிடைத்திருந்தால் அத்தை போயிருப்பாளா? நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அடுத்த வாரம் அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்திருப்பாரா? என் முட்டாள்தனத்தை நினைத்து என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அம்மா டம்ளரோடு நடு வீட்டில் அப்படியே நின்றாள். “கோயமுத்தூருங்களா? நீங்க சொல்லவே இல்லீங்களே” என்றாள். அவள் குரல் சரியாக வரவில்லை. அத்தைக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அத்தைக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. நம் வீட்டில் நிற்கிறது, அங்கே நிற்கவில்லை, அப்படியானால் தப்பு நம் வீட்டில்தான் என்று டிவியை இழுத்துத் திருப்பினாள். எப்போதும் நேராக நிற்கும் வி-ஹோல்ட் திருகின் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கிடந்தது. நான் திருப்பியதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். தானாகவே நழுவியிருக்கும் என்று நினைத்தேன்.

“ஸ்டேஷன் சிக்னல் பலமானதுங்ணா, திருகு தப்பா இருந்தாலும் இழுத்துப் புடிச்சுக்கும். நம்மளுது நோஞ்சான். தப்பான திருகுக்குத் தக்கன, செரியா இருந்த எண்ணிக்கையை நான் மாத்திட்டேன்” என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். பிறகு திரும்பி, “இத யாராச்சும் திருப்புனீங்களா?” என்று கேட்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். திருகு என் வேலை என்று அவருக்குத்தானே தெரியும். அதற்குள் சமையலறைக் கதவோரமிருந்து அம்மா, “நாந்தான் அம்மிணி. தொடைக்கறப்ப கை பட்டிருக்கும்” என்றாள்.

அத்தை அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “செரிங்க அண்ணி” என்றாள். அவ்வளவுதான். அப்பா எஸ்டிடி பூத்துக்கு ஓடிப்போய்க் கோயமுத்தூருக்குப் போன் போட்டார். நேற்றுதான் வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டேன் என்றாராம் அந்த மனிதர். அடுத்த வாரம் அத்தை திருப்பூருக்குப் போனாள். ஆறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். படித்த படிப்பின் பக்கம் திரும்பவே வாய்க்கவில்லை.

அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்தார். அன்று எனக்காகப் பொய் சொன்ன அம்மாவை அதன் பிறகு நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. இப்படியும் ஒரு தாய் உண்டா என்று நினைத்து நினைத்து உருகியிருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா முதல் சேலையை அத்தைக்குத்தான் எடுப்பாள். அதுவும் தன் சேலையைவிட நல்லதாக. நாத்தனார் மேல் இவ்வளவு பாசமா என்று அப்பாவே கேலி செய்வார்.

அப்பா இப்போது இல்லை. அம்மா கோயமுத்தூரில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு டிவி திருகை நான் திருப்புனது உனக்கு எப்படிம்மா தெரியும்? எனக்காக எதுக்குப் பழியை ஏத்துக்கிட்டே?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “நீ திருப்புனியா?”

சொன்னேன். அரிசி அளவு என்று விரலில் காட்டினேன்.

“அதுக்கு எங்க ஓடும்” என்றாள் அம்மா. இன்னொரு காயை எடுத்து உரித்தாள். “அந்த ஆளு வந்து வாசல்ல செருப்பைக் கழட்டறப்ப நாந்தான் கண்ணு கையை உட்டு நல்லாத் திருப்பியுட்டேன். கல்யாணமாயி பன்னெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. உங்கப்பா என்ற பக்கத்துல உக்காந்து ஒரு நாளாச்சும் அப்படிச் சிரிச்சிருப்பாரா சொல்லு.”

அப்பா வேண்டும் என்று ஏங்குகிற இன்னொருத்தி அதே வீட்டில் இருந்தாள் என்பது பத்து வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.